பெயருக்கு முன்னால் ரபீ

ஈப்போவில் கல்லறைக் கல் வெட்டும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கிரானைட்டில் விழுந்த எழுத்தை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அது தெரிந்தும் ஒரு தடவை அவசரப்பட்டேன்.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அருள்தாஸ். சாயங்காலங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகும் ஞாயிற்றுக்கிழமை கல் வைப்பதாக ஏற்பாடு. தாப்பாவில் நர்ஸாக இருக்கும் மகள் ராகேல், பெயரும் தேதிகளும் எழுதிக் கொடுத்திருந்தாள். பட்டம் ஒன்றும் இல்லை.

நம் ஆட்களைத் தெரியாதா? கல்யாணக் கார்டானாலும் கல்லறையானாலும் பெயருக்கு முன்னால் டத்தோ என்ற பட்டம் விட்டுப்போனால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எதற்கு வம்பு என்று அவருடைய சபைக்கே போன் போட்டுக் கேட்டேன். எடுத்தவர், "எல்லாரும் ரபீன்னுதான் கூப்புடுவாங்கண்ணே" என்றார். எனக்கு அது போதும். 'ரபீ அருள்தாஸ்' என்று பெரிதாக வெட்டி, தங்கப் பெயிண்டும் அடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை ராகேல் பார்க்க வந்தாள். பாராட்டுவாள் என்று நின்றேன். அழுதுவிட்டாள்.

"யாருண்ணே இத போடச் சொன்னது? அப்பாவே தனக்குப் பட்டம் போட்டுக்கிட்ட மாரி இருக்கு."

"எல்லாரும் கூப்பிட்டதுதானேம்மா?"

"கூப்புடுறது வேறலா. பைபிள்ல சீஷருங்க இயேசுவ கூப்புட்ட சொல்லு அது. எபிரேய பாஷையில ரவ்னா பெரியவரு. ரபீன்னா 'என் ஆசானே'ன்னு மாணவன் கூப்புடுறது. பொறவுதான் படிச்சுத் தேறுனவங்களுக்குப் பதவியாச்சு. அப்பா எந்தப் பதவியும் வாங்கல. அப்படிக் கூப்புடாதீங்கன்னு பிள்ளைங்கள திட்டுவாரு. இத எப்படிண்ணே அவரு தலைமாட்டுல வைப்பேன்?"

வெட்கமாகப் போய்விட்டது. பொய்ப் பெருமை என்று ஊர் பேசினால், மறுத்துச் சொல்ல அந்த மனுஷன் எழுந்தா வரப்போகிறார்?

முகப்பு முழுவதையும் கிரைண்டரில் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டேன். ஒரு நாள் பிடித்தது. எழுத்து வெட்டுமுன் ராகேலுக்குப் போன் போட்டேன்.

"மேல வெறும் பேரு. அந்தச் சொல்ல மட்டும், கூப்பிட்டவங்க பேருல கீழ போடலாமாம்மா?"

"அதுக்கும் திட்டத்தான் செய்வாரு. போடுங்கண்ணே" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மனைவி மக்கள் பெயர் வரும் அடிவரிசைக்குக் கீழே சின்ன எழுத்தில் வெட்டினேன்: 'எங்கள் ரபீக்கு, தோட்டத்துப் பிள்ளைகள்.'

ஞாயிற்றுக்கிழமை கல்லைப் பொருத்த நானே போனேன். பிள்ளைகள் என்று வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஒரு லாரி டிரைவர் குந்தி உட்கார்ந்து கடைசி வரியை விரலால் தடவிப் படித்தார். "திட்டுங்க ரபீ, திட்டுங்க" என்று சொல்லித் தேம்பினார்.

அதற்குப் பிறகு யார் பட்டம் கொண்டுவந்தாலும், "இத கொடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். பல பேர் கோபித்துக்கொண்டார்கள். சில பேர் யோசித்துப் பார்த்து, வெறும் பெயரே போதும் என்று சொன்னார்கள்.