பலகை இடித்த வீக்கம்

பிள்ளையார்பாளையத்து லோகாம்பாள் தறியில் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்து, இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணப் புடவை நெய்கிறவள். புருஷன் கண்ணாயிரம் தொட்டாலே நூல் அறுந்துவிடும். நல்லவேளை, அவனுக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, தறி பிழைத்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் மாசியில், குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டியது. அவள் பயப்படவில்லை. குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கத் தறிப் பலகையை நாள் முழுக்க நெஞ்சுப் பக்கம் இழுத்து அடிக்கிறவளுக்கு ஒரு தரமாவது இடிக்காமலா போகும்? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கட்டி நெல்லிக்காயாக வளர்ந்தபோது பலகையைத் திட்டிவிட்டு, ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு நெய்தாள். வலியில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, பாவம்.

ஆவணியில் ஒரு மத்தியானம், சோறு தின்றுகொண்டே கண்ணாயிரம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னான். பொட்டை நாய்களுக்கு முலையில் வரும் கட்டியை டாக்டர் அறுத்தெடுக்கிறாராம். அதில் ஒரு துண்டை ஐஸில் வைத்து இவன்தான் பஸ்ஸில் மெட்ராஸுக்குக் கொண்டுபோகிறான். அங்கே பெண்களுக்கு அறுத்த கட்டியோடு வைத்து, இரண்டிலும் உள்ள புரதம் ஒன்றுதானா என்று சோதிக்கிறார்களாம்.

"சில கட்டில ரெண்டும் ஒண்ணாவே இருக்குதாம்," என்று சிரித்தான்.

லோகாம்பாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த நாய்ங்களுக்கு எதுனா இடிச்சிச்சா?"

"இடிக்கல, ஒண்ணும் இல்ல. அதுபாட்டுக்குத் தானா வருது."

எந்த நாய் தறியில் உட்கார்ந்தது? ஆறு மாசம் பலகையைத் திட்டியதெல்லாம் வீண் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அவனை எழுப்பிக் கை கழுவவைத்து, உள்ளே கூட்டிப்போய் அவன் விரலைக் கட்டிமேல் வைத்தாள்.

நாய்களைப் பிடித்துக்கொடுத்துப் பழகிய விரல் அது. நகரும் கட்டி எது, ஒட்டிக்கொண்ட பொல்லாத கட்டி எது என்று டாக்டருக்கு முன்பே சொல்லிவிடுவான். இப்படி நகர்த்தினான், அப்படி நகர்த்தினான். கட்டி அசையவில்லை. இவ்வளவுதானா என்று அவன் கேலி செய்ய மாட்டானா என்று அவள் ஏங்கினாள். அவனோ எத்தனை மாசமாக இருக்கிறது என்று கேட்டான், சொன்னாள்.

"அந்த நாய்ங்க பொழைச்சிதா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீக்கிரமா கொண்டாந்தது பொழைச்சிது."