இரண்டு நண்டும் ஐந்து சுற்றுத் துணியும்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆடி மாதம், பிறந்து இருபத்திரண்டு நாளேயான என் பேத்தியுடன் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், என் மகளின் வயதுகூட இல்லாத ஒரு டொக்டரின் முன்னால் நின்று, "எல்லாம் நண்டால வந்தது" என்று கண்ணீர் விட்டவன் நான். அந்த அறைக்குக் கதவும் இல்லை. வெளியே வரிசையில் இருந்த முப்பது நாற்பது பேரும் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் நான் வேலை செய்யும் காணிப் பதிவுக் கந்தோருக்கு அலுவலாக வந்து போகிறவர்கள்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. நிறையப் புத்தகம் வாசிப்பவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் பெரும்பாலும் நான்தான். மூடநம்பிக்கை பற்றி யாராவது வாய் திறந்தால் அரை மணித்தியாலம் நிறுத்தாமல் பேசுவேன். மனைவி அதற்குள் சோறு வடித்து, கறி இறக்கி, உடுப்பும் தோய்த்து முடித்துவிடுவாள்.

அந்தக் கோடை எங்களுக்குச் சும்மா இருக்கவே நேரம் தரவில்லை. முதலில் மகளுக்குப் பெண் குழந்தை. முதல் பிள்ளைப்பேறு என்பதால் எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். மருமகன் கொழும்பில் வேலை, சனி ஞாயிறு வருவார். மூன்று கிழமை கழியுமுன்னே மட்டக்களப்பில் மகனின் மனைவிக்கு ஆண் குழந்தை, சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி. மருமகளைப் பார்க்கவேண்டிய அவளுடைய தாயோ கிணற்றடியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டு இருந்தார். ஆகவே என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டி வந்தது. ஒரு கிழமை.

போகுமுன் குசினியில் அவள் செய்து வைத்த ஏற்பாட்டைப் பார்த்தால் ஒரு கப்பலே துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதுபோல இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்து ஒரு போத்தலில். மிளகும் உள்ளியும் சேர்த்து அரைத்த சரக்குத்தூள் இன்னொன்றில். துப்புரவாக்கிய பால்சுறாவும் விளைமீனும் நாளுக்கொரு பொதியாக பிரிட்ஜில். கதவில் ஒரு பட்டியல். அதில் என்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "அப்பா புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்."

வாசலில் நின்று திரும்பவும் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, குழந்தைக்குக் காத்துப் படக் கூடாது. பெத்தவளுக்குப் பத்தியம் முறியக் கூடாது. இந்த ரெண்டையும் பாத்தால் காணும். மிச்சத்தைக் கடவுள் பாப்பார்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"நீங்கள் கடவுளுக்கு இடைஞ்சல் குடுக்காமல் இருங்கோ."

முதல் நாள் நன்றாகவே போனது. வீட்டு வேலைக்கு ஒரு முடிவு உண்டு என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். குழந்தையின் நப்பித் துணியைத் தோய்த்துக் கொடியில் போடுவேன். கச்சான் காற்றில், கொடியின் அடுத்த முனைக்கு நான் போவதற்குள் முதலில் போட்டது காய்ந்துவிடும். அதை எடுத்து மடிக்குமுன் உள்ளேயிருந்து அடுத்தது வரும். முப்பது வருடமாக மனைவியிடம் "பகலெல்லாம் என்ன செய்யிறனீ?" என்று கேட்டு வந்தவன், அன்று மாலை கதிரையில் சாய்ந்தபோது அந்தக் கேள்வியை ரகசியமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையில்தான் வினை வந்தது. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மகள் அழுகிறாள். குழந்தை உறங்குகிறது, தாய் அழுகிறாள். என் வாசிப்பில் அப்படி ஒரு கட்டம் வந்ததில்லை.

"என்ன பிள்ளை? எங்கயாவது நோகுதோ?"

"இருபது நாளா ஒரே மீன், ஒரே மிளகு, ஒரே உள்ளி. என்ர வியர்வையே உள்ளி மணக்குது அப்பா. எனக்கு நண்டு வேணும்."

"நண்டோ? அம்மா அறிஞ்சால்…"

"ஒரு கால் காணும்."

பிள்ளை பெற்றவள் நண்டு தின்றால் பால் வழியாகக் குழந்தைக்குக் கிரந்தி வரும், மேலெல்லாம் சிவந்து வெடிக்கும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தின் பொலிசும் நீதிபதியும் என் மனைவி. நானோ, இதெல்லாம் வெறும் கட்டுக்கதை, உலகத்தில் எத்தனை தாய்மார் நண்டு தின்கிறார்கள் என்று மகளுக்கு ஒரு சிறிய பிரசங்கம் செய்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அறிவியலுக்காகப் போனதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மை வேறு. ஆறு வயதில் ஐஸ் பழம் கேட்டபோது வைத்திருந்த அதே முகத்தை அவள் வைத்திருந்தாள். அந்த முகத்துக்கு நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

கிண்ணியாப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒருவர் வாளியில் நண்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"எத்தின கிலோ?"

"ரெண்டு நண்டு."

அவர் என்னையும் மோட்டார் சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார். "ரெண்டே ரெண்டா? ஊட்டில எத்தின பேர்?"

"நான் மட்டும்தான். டொக்டர் குறைக்கச் சொன்னவர்" என்றேன். அன்றைய முதல் பொய்.

பத்திரம் பதிவதுபோலக் கவனமாகச் சமைத்தேன். போனில் ஒரு சமையல் வீடியோவில் ஒரு பெண் சொல்லச் சொல்ல நான் கிண்டினேன். இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலையும் போட்டேன். மகள் இரண்டு நண்டையும் சாப்பிட்டு முடித்தாள். ஓடுகளைப் பத்திரிகையில் சுற்றி, லீவில் இருந்த நான், கந்தோர்க் குப்பைத் தொட்டி வரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

நாலு மணிக்கு மனைவி போன் எடுத்தாள். பேரன் நன்றாகப் பால் குடிக்கிறான், மூக்கு என்னுடையதுபோல இருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"பத்தியம் எப்பிடிப் போகுது?"

"அச்சொட்டாப் போகுது" என்றேன்.

பொய் சொன்னவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சட்டத்தை முறித்த உடனே மற்றச் சட்டத்தை இரண்டு மடங்கு இறுக்கிப் பிடிப்பான். பத்தியம் போய்விட்டது, காற்றையாவது காப்பாற்றுவோம் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். ஃபேனை நிற்பாட்டினேன். குழந்தைக்குப் பருத்திச் சட்டைக்கு மேல் கைநீளச் சட்டை, அதற்கு மேல் பிளானல் துணி, அதற்கு மேல் துவாய், எல்லாவற்றுக்கும் மேலாக என் சால்வை. தலைக்குத் தொப்பி, கைக்கும் காலுக்கும் உறை. வெளியே தார் உருகுகிற வெயில்.

நித்திரையால் எழும்பி வந்த மகள் பார்த்தாள். "கூடிப் போச்சோ அப்பா?"

"அம்மா சொன்னது. காத்துப் படக் கூடாது."

வயிற்றில் இரண்டு நண்டு இருந்ததால் அவளுக்கும் அம்மாவின் பெயரைக் கேட்டதும் எதிர்த்துக் கதைக்கத் துணிவு வரவில்லை என்று நினைத்தேன். குழந்தை அப்படியே கிடந்தது, அன்றும், விடியும் வரையும்.

காலையில் சால்வையையும் துணிகளையும் விலக்கிய மகள் போட்ட சத்தத்தில் நான் பல் தீட்டின பிரஷ்ஷோடு ஓடினேன். குழந்தையின் கழுத்து, நெஞ்சு, முதுகு எங்கும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டு. உடம்பு கொதிக்கிறது. பாலுக்கு வாய் வைக்கிறது, விடுகிறது, வீரிட்டு அழுகிறது. திரும்பவும் வைக்கிறது, விடுகிறது.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா… நண்டோ?"

"சீச்சீ. அதெல்லாம் கட்டுக்கதை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மாவுக்கு அடிக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவம்."

மகள் மாற்றியுடுக்கப் போனாள். காற்றுப் படாமல் நான் குழந்தையைத் திரும்பவும் அதே ஐந்து சுற்றில் சுற்றினேன். ஓட்டோவில் போகும்போது வெருகல் முருகனிடம் பேரம் தொடங்கினேன். பிள்ளை சுகமானால் மொட்டை அடிக்கிறேன் என்றேன். அடிப்பதற்கு என் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது நினைவுக்கு வந்து, நடந்தே வருகிறேன் என்று கூட்டினேன். நாற்பது வருட வாசிப்பு மணிக்கூட்டுக் கோபுரம் வருமுன் கரைந்துவிட்டது. அந்தச் சின்ன உயிர் மகளின் மடியில் அழுது அழுது சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. அழும்போது இருந்த பயத்தைவிட, அது ஓய்ந்தபோது வந்த பயம் பெரிது. இந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால் என் மகள் என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள், விழிக்கவும் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில், இருமுகிற பேரனோடு கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவராய் இருப்பார். குழந்தையை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்காமலே மகளின் மடியிலிருந்து தூக்கினார்.

"யா அல்லாஹ், இது புள்ளையா, பார்சலா? ஆரு இப்பிடிக் கட்டின?"

மகள் என்னைக் கண்ணால் காட்டினாள்.

"நீங்களா ஐயா? எங்க அனுப்பப் போறீங்க இத?"

"காத்துப் படக் கூடாதெண்டு…"

"காத்துப் படாட்டி ஆருக்கும் மூச்சு முட்டும்." சால்வையை உருவி என் தோளில் எறிந்தார். "ஒண்டு." துவாய். "ரெண்டு." பிளானல் துணி. "மூணு. இன்னும் இரிக்கா? அல்லாஹ்வே, நாலு! அஞ்சாவத மட்டும் உடுவம், பாவம், மானத்துக்கு."

வாசல் பக்கம் திரும்பி, கடலிலிருந்து வந்த காற்றில் குழந்தையைப் பிடித்தார். அது ஒருமுறை விக்கியது. கையை விரித்தது. அழுகையை நிறுத்திவிட்டு, யாரடா இது என்பதுபோல அவரைப் பார்த்தது.

"இப்ப குடு மகள், குடிக்கும்" என்று மகளிடம் கொடுத்து, தன் முந்தானையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். குழந்தை குடித்தது. பால் விழுங்கும் அந்தச் சின்னச் சத்தம் வாங்கின் இந்த முனைக்குக் கேட்டது. நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தை மிகுந்த அக்கறையோடு வாசிப்பவன்போலத் திரும்பி நின்றேன்.

ஆனாலும் பொட்டுகள் அப்படியே இருந்தன. எங்கள் முறை வந்ததும், டொக்டர் வாய் திறக்குமுன் எனக்குள் இருந்தது எல்லாம் உடைந்தது. தொடக்கத்தில் சொன்ன அந்தக் காட்சி அப்போதுதான் நடந்தது.

"எல்லாம் நண்டால வந்தது டொக்டர். நான்தான் குடுத்தனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "இந்தக் குழந்தைக்கு நண்டு குடுத்தனீங்களோ?"

"ஐயோ இல்லை! தாய்க்கு. ரெண்டு."

அவர் பேத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என் தோளில் கிடந்த துணிகளையும் பார்த்தார். "இதெல்லாம் பிள்ளைக்குப் போட்டிருந்ததோ?"

"ஓம்."

"இது வெறும் வேர்க்குரு. வெக்கையிலதான் பிள்ளை பாலும் குடிக்காமல் அழுதிருக்கு. இப்ப குடிக்குது, காய்ச்சலும் இல்லை. மெல்லிசாய் ஒரு உடுப்புக் காணும். ஜன்னலைத் திறந்துவிடுங்கோ. திரும்ப உடம்பு சுட்டால், பால் குடிக்காட்டி, உடனே கொண்டு வாங்கோ."

"அப்ப நண்டு?"

"நண்டு பாவம் ஐயா, அதை விடுங்கோ" என்றார்.

வெளியே அந்தக் கிண்ணியா அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"எங்கட ஊட்டயும் நாப்பது நாளைக்கு நண்டு, இறால் ஒண்டும் தர மாட்டாங்க" என்றார் என் மகளிடம். "மூத்தவன் கிடைச்ச நேரம் நான் இறாலுக்கு அழுத. எங்கட வாப்பா பாலம் இல்லாத அந்தக் காலத்தில, பாதைப் படகில ஏறி இஞ்சால வந்து, உம்மாக்குத் தெரியாம சாரனுக்க ஒளிச்சுக் கொண்டந்த. மனிசன் மவுத்தாகிப் பதினஞ்சு வரிசம். இறாலக் கண்டா எனக்கு இன்னும் அவர்ர முகம்தான் வரும்." பிறகு என் பக்கம் திரும்பி, "வாப்பாமார் இப்பிடித்தான் ஐயா. ஆனா அவர் புள்ளையப் பொதி கட்டல்ல" என்றார்.

அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பேரனின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார். நான் என் சால்வையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து எல்லா ஜன்னலையும் திறந்தோம். இரண்டே நாளில் பொட்டுகள் வாடிவிட்டன. என் மனதில் கிடந்த பொய் மட்டும் வாடவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு மனைவி வந்திறங்கி, விருந்துக்குச் சுளகில் பருப்பு நோம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நண்டு, பொய், ஐந்து சுற்றுத் துணி, முருகனோடு பேசிய பேரம் வரை ஒன்றும் விடவில்லை. நண்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை, அதை மறைக்க நான் பட்ட பாடுதான் ஐந்து சுற்றாக அதன் மேல் கிடந்தது என்றேன். ஆசைக்குக் கொடுத்ததில் பிழையில்லை, கொடுத்ததை ஒளித்ததில்தான் பிழை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தேழு வருடமும் முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கையும் தேவைப்பட்டது. இன்றைக்கும் பேத்தியைத் தூக்கும்போது, நான் பயந்துபோய் எதையாவது இறுக்கிக் கட்டுகிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அன்று இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

மனைவி சுளகை ஒருமுறை தட்டி, ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நண்டுக் கதை எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்கள் சட்டி கழுவிக்கொண்டு நிக்கேக்கயே பிள்ளை போன் அடிச்சவள். 'ஆசையாக் கேட்டனான் அம்மா, அப்பா உப்புப் போட மறந்திட்டார், சொன்னால் மனம் நோவார் எண்டு கண்ணை மூடிக்கொண்டு திண்டிட்டன்' எண்டு."