சோற்றுப் பசையில் ஒட்டிய முத்திரைகள்

தபால் முத்திரையைச் சோற்றுப் பசையால் ஒட்டுகிற மடையன் உலகத்தில் ஒருவன்தான் இருந்திருப்பான். அவன் என் தம்பி. "பசை வாங்கக் கல்முனைக்குப் போகணுமா? சட்டியில சோறு கெடக்குதானே ராத்தா" என்பான்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று கரைவலை பார்க்கப் போனவன் திரும்பவில்லை. ஊரில் இறந்துபோகும் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் எங்கள் உம்மா. கையால் தண்ணீரின் சூடு பார்த்து, பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்திலிருந்து தொடங்குவார். அந்த நாட்களில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டினார். பெற்ற பிள்ளையின் மையித்து மட்டும் கிடைக்கவில்லை. அலுமாரியின் மேல் தட்டில் ஈரம் தட்டிக் கிடந்த அவனுடைய முத்திரை அல்பம்தான் மிஞ்சியது.

சண்டை நடந்துகொண்டிருந்த வடக்கே ஒரு முகாமில் அவனைப் போல ஒருவனைக் கண்டதாக யாரோ உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாயை என்ன செய்வது? "சண்டை முடிஞ்சு பாதை திறந்தா என்ட புள்ள வருவான்" என்று உம்மா காத்திருந்தார். வந்ததும் கேட்பான் என்று அல்பத்தை யாரையும் தொட விடவில்லை.

சண்டை முடிந்தது. பசாரில் வெடி கொளுத்தினார்கள். பாதையும் திறந்தது. உம்மா வாசற்கதவுக்குத் தாழ் போடுவதை விட்டார். பஸ் நிற்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பினார். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் நானும் எட்டிப் பார்ப்பேன்.

மாரிமழை தொடங்கியபோது, உம்மா அஸர் தொழப் போன நேரம் பார்த்து அல்பத்தைத் திறந்தேன். சோற்றுப் பசையில் பூஞ்சணம் பிடித்து, கீழ்வரிசை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். மேல்வரிசைக்கும் ஏறத் தொடங்கியிருந்தன. பழுப்பு தொற்றும். பட்டதைப் பிரிக்காவிட்டால் நல்லதும் போய்விடும். பிரிப்பதென்றால் தண்ணீரில் ஊறப் போட வேண்டும்.

பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீரை வைத்து, முதல் தாளை வெட்டிக் கையில் எடுத்தபோது உம்மா வந்து நின்றார்.

"மகள், என்ன செய்யிறாய்?"

"பூஞ்சணம் உம்மா. ஊறப் போட்டாத்தான் மிஞ்சும்."

"என்ட புள்ளட சாமானையும் தண்ணியிலயா போடப் போறாய்?"

தாளைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடாட்டி ஒண்டும் மிஞ்சாது! அவன் வந்து கேட்டா பூஞ்சணத்தையா காட்டப் போறீங்க?" என்று கத்தினேன். தாள் கிழிந்துவிடும் என்று பயந்து நான்தான் கையை விட்டேன்.

உம்மா ஒரு பழுப்புப் புள்ளியை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. அவர் திரும்பவில்லை.

"தள்ளு" என்றார்.

தரையில் உட்கார்ந்து, கையால் தண்ணீரின் சூடு பார்த்தார். பிஸ்மி சொல்லி, வலப்பக்கத்து முத்திரையிலிருந்து தொடங்கினார். பசை விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பழுப்பேறியதை ஒரு துவாயிலும் தப்பியதை இன்னொன்றிலும் நான் பரப்பினேன்.

பொழுதுபட்டு மஃரிபு பாங்கு கேட்டதும் உம்மா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.