இடுப்புக்கு இறங்கிய துண்டு

மல்லசமுத்திரத்தில் இன்று நம் கொடியை ஏற்றினார்கள். கம்பத்துக் கயிறு கிறீச்சிட்டதும் நான் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிட்டேன்.

அன்று ராஜாவின் பிறந்தநாள். வெள்ளைக்காரர் கொடிக்கு எல்லோரும் விறைப்பாகச் சலாம் வைத்தார்கள். பண்ணையாளான என் அப்பா மட்டும், தொழுவத்து வாடையடிக்கும் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூனி நின்றார்.

“ஏனுங்கப்பா, கொடிக்குக் கண்ணு இருக்குதுங்களா?” என்று சிரித்தேன்.

“கொடிக்கு இல்ல சாமி. நமக்குப் பின்னால நாற்காலில பண்ணயக்காரரு ஒக்காந்திருக்கறாரு.”

இன்று தொண்டர் ஒருவர் என் தோளைத் தட்டினார். “ஏனுங்க, துண்ட எடுத்துத் தோள்ல போட்டு நிமுந்து நில்லுங்க. இது நம்ம கொடிங்க.”

ஊரையே கேலி பேசுகிற எனக்கு, துண்டு எப்போது இடுப்புக்கு இறங்கியதென்றே தெரியவில்லை. கூச்சத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு நாற்காலிகூட இல்லை.