என் சாட்சியில் வரும் அப்பா

எங்கள் சபைகளில் பாஸ்டர் என்றால் அவனுக்கு ஒரு சாட்சி இருக்க வேண்டும். எந்தச் சேற்றில் கிடந்தான், கர்த்தர் எப்படித் தூக்கி எடுத்தார் என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். குடிகாரனாக, ரவுடியாக இருந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. நான் திருச்சுழிப் பக்கம் மல்லியும் மிளகாயும் பயிர்போட்ட ஒரு சம்சாரியின் மகன். பீடிகூடக் குடித்ததில்லை.

ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன், பைபிள் காலேஜில் சேரப்போகிறேன் என்று நான் போய்ச் சொன்னபோது அப்பா களத்தில் மல்லி தூற்றிக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்துவிட்டு, "குலசாமிக்கு இனி யாருய்யா பொங்க வைப்பா?" என்று மட்டும் கேட்டார். சுளகை மறுபடி எடுத்துக்கொண்டு, "அங்கன சாப்பாடு ஒழுங்காப் போடுவாகளா?" என்றார். பைபிள் காலேஜுக்குப் புறப்பட்ட அன்று என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். இதை மைக்கில் சொன்னால் யார் அழுவார்கள்?

அதனால் அப்பாவை மாற்றினேன். முதலில் ஒரே ஒரு அறை. அது நன்றாக எடுபட்டது. காரியாபட்டியில் பேசியபோது அந்த அறை சாட்டைக்கம்பு ஆனது. பாலவனத்தத்தில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் அப்பா என்னைக் கருவேல மரத்தில் கட்டிவைத்து இருபது அடி அடித்தார். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். நம்பவில்லை. ஒவ்வொரு முறையும் பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். கர்த்தர் மேல் எனக்கிருந்த விசுவாசம் அன்றும் நிஜம், இன்றும் நிஜம். அதனால்தான் என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

என் மனைவி அந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். பதினாறு வருஷமாக எங்கள் மகளை அப்பா வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை. "பெத்த பிள்ளைய மரத்துல கட்டி அடிச்சவரு, பேத்திய மட்டும் கொஞ்சுவாராக்கும்?" என்பாள். அப்பா பேத்திக்குப் பாவாடை சட்டை எடுத்து அனுப்புவார். அதைத் தெருவில் யாருக்காவது கொடுத்துவிடுவாள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அம்மா போன பிறகு, கண்புரை ஆபரேஷனுக்காக அப்பா நாங்கள் இருக்கும் அருப்புக்கோட்டைக்கு வந்தார். வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வாரம். மனைவி தட்டை அவர் முன்னால் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன். நீ பேசுறத ஒருநாளும் கேட்டதில்லேல்ல" என்று கிளம்பிவிட்டார்.

அன்று மதுரையிலிருந்து மூத்த ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். "பாஸ்டர், உங்க சாட்சியச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார். இன்று வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மரம், கயிறு, இருபது அடி. எங்கள் சபையின் தகரக் கொட்டகை முழுக்க அழுதது. முடித்ததும் என் மனைவி எழுந்து, "அந்தா கடைசில உக்காந்திருக்காகளே, அவுகதான் அந்த அப்பா" என்று கைகாட்டினாள்.

மதுரைக்காரர் அவரைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வந்தார். "ஐயா, இதெல்லாம் உண்மைதானா?" என்று வாயருகே மைக்கை வைத்தார். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சபையும் போச்சு, மனைவியும் போச்சு.

"ஆமாய்யா. நான்தேன் அடிச்சேன்" என்றார் அப்பா. "புத்தியில்லாம அடிச்சிட்டேன்."

அல்லேலூயா என்று கொட்டகை அதிர்ந்தது. விசுவாசிகள் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்து, அவரை மன்னித்துவிட்டுப் போனார்கள். என் மனைவியும் வந்து, "மாமா, நானும் மன்னிச்சிட்டேன்" என்று அழுதாள். அன்று மதியம் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கறிக்குழம்பு ஊற்றினாள். மகள் முதல் தடவையாகத் தாத்தாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கை கழுவப் போன இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இருபது அடின்னா சொன்னே? கட்டுனது கருவ மரமா, வேப்ப மரமா? பேத்தி கேட்டா மாத்திச் சொல்லிறக் கூடாதுல்ல."

"கருவ மரம்ப்பா" என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் ஊருக்குப் போன மறு ஞாயிறு, அப்பா சபைக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுததையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டேன். அவர் அன்று அழவே இல்லை.