மிச்சமான ஒரு ஸ்க்ரூ

ஒரு மெஷினைக் கழற்றித் திரும்பப் பூட்டிய பின் கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால் புத்தியுள்ளவன் பதறுவான். நான் பரிசு கிடைத்ததாக நினைத்தேன். புதுச் சட்டையின் உள்பக்கம் ஒரு பொத்தான் கூடுதலாகத் தைத்துக் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி கம்பெனிக்காரன் தாராளமாக ஒன்று சேர்த்து வைத்திருக்கிறான் என்று முடிவு செய்து, அரைக்கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது வயது பத்து. ஆறு என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் பத்துதான்.

கோடை விடுமுறைக்கு வங்காளத்தில், நியூ டவுனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோராவது மாடி. பழைய மர சாமான்களைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் வேலையைச் சித்தி அப்போதுதான் பால்கனியில் ஆரம்பித்திருந்தாள். முதல் ஆர்டர், கீழ்வீட்டு வங்காளி மாஷிமாவின் தேக்குச் சாப்பாட்டு மேஜை. ஜாமாய் ஷஷ்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை அழைத்து மீனும் மாம்பழமுமாக விருந்து வைக்கும் நாள். புது மாப்பிள்ளை அந்த மேஜையில்தான் உட்கார வேண்டும் என்பது மாஷிமாவின் கட்டளை. சித்தப்பாவும் தன் பங்குக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார்: இந்த ஆர்டர் சொன்ன நாளில் போகாவிட்டால் மெஷின் பரணுக்கு, பால்கனி துணி உலர்த்த.

மெஷின் என்றால், கைக்கு அடக்கமான சாண்டர். அடியில் வட்டத் தட்டு. அதில் உப்புத்தாளை ஒட்டி ஓடவிட்டால் மரத்தை வழவழப்பாக்கிக்கொண்டே போகும். கூடவே பிடித்த கையையும் ஆட்டும். சாயங்காலம் சப்பாத்தி இடும்போதுகூட விரல் நடுங்குகிறது என்றாள் சித்தி. பாவம், உதவி செய்யலாமே என்று தோன்றியது. என் வாழ்க்கையின் விபத்துகள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

மதியம் சித்தி கண்ணயர்ந்ததும் தையல் மெஷின் டிராயரிலிருந்து திருப்புளியை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கும் அளவுக்கு அறிவு இருந்தது, அதோடு தீர்ந்துவிட்டது. நாலு ஸ்க்ரூ. தட்டு கையோடு வந்தது. உள்ளே பார்த்தால், தட்டை மாட்டும் இடம் நட்டநடுவில் இல்லை! ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு இரும்புக் கட்டி. எவனோ தூக்கக் கலக்கத்தில் கோணலாக மாட்டிவிட்டான். அதனால்தான் கை ஆடுகிறது. நடுவுக்குத் தள்ளிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். பல்தான் வலித்தது. உள்ளே சித்தி புரண்டு படுக்கும் சத்தம். அவசரமாகப் பூட்டினேன். மூன்று ஸ்க்ரூவிலேயே தட்டு நின்றது. நான்காவதுதான் மேலே சொன்ன பரிசு.

மறுநாள் காலை சித்தி சுவிட்சைப் போட்டாள். பூஜைப் பந்தலில் தூபச் சட்டியோடு ஆடுவார்களே, அப்படி ஆடியது மெஷின். மேஜை முழுக்கப் பிறை பிறையாகக் கீறல். சித்தி நிறுத்திவிட்டு, கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

சித்தப்பா கம்ப்யூட்டர்க்காரர். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டாள். மேஜைக்கு இன்னொரு பிறை. "பேரிங் போச்சு, அவ்வளவுதான். நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது, என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

"இன்னும் மூணு நாள் இருக்கு" என்றாள் சித்தி, மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டே. "ஹவுராவுல ரிப்பேர் பட்டறையில காட்டிட்டு வரேன். இவனும் வரட்டும்."

நான் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விடுமுறையில் கால்சட்டை மாற்றும் வழக்கம் எனக்கு இல்லாததால் ஸ்க்ரூவும் கூடவே வந்தது. பாலத்தைத் தாண்டும்போது அது பையில் கனத்தது. பரிசாக இருக்காதோ என்ற சந்தேகம் அங்கேதான் வந்தது.

பட்டறை மிஸ்திரி தட்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்து எண்ணினார். பேரிங்குக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு, "ஏக்டா ஸ்க்ரூ கோதாய்?"

ஒரு ஸ்க்ரூ எங்கே என்கிறார்.

தும்முவது போலக் குனிந்தேன். பையில் இருந்ததைத் தரையில் நழுவவிட்டேன். "சித்தி, இதோ கீழ கிடக்கு!"

அந்தத் தரையில் ஆயிரம் ஸ்க்ரூ கிடந்தது. சரியான ஒன்றை ஒரே பார்வையில் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். மிஸ்திரி சித்தியைப் பார்த்தார். சித்தி மிஸ்திரியைப் பார்த்தாள்.

"என்ன கண்ணுடா உனக்கு!" என்றாள்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அதே தெம்பில், தட்டு நடுவில் இல்லாததையும் சரி செய்துவிடுங்கள் என்று மிஸ்திரிக்கு என் அரைகுறை வங்காள மொழியில் எடுத்துச் சொன்னேன். நடுவில் இருந்தால் அதற்குப் பேர் ஃபேன் என்றார் அவர், நிமிராமலே.

நாலு ஸ்க்ரூவும் இறுகின. சுவிட்சைப் போட்டதும் மெஷின் சமர்த்தாக, பழைய லேசான நடுக்கத்தோடு முனகியது. சித்தி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நான் விட்டது ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பும்போது படகில் ஜால்முரி வாங்கித் தந்தாள். அந்தக் கோணல்தான் மெஷினின் வேலையே, அது இல்லாவிட்டால் மரத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும் என்று, நான் கேட்காமலே விளக்கினாள். இவள் எதற்கு இதை என்னிடம் சொல்கிறாள் என்று யோசித்தபடி பொரியைத் தின்றேன்.

இரண்டே நாளில் பிறைகள் மறைந்தன. மாஷிமாவின் மாப்பிள்ளை அந்த மேஜையில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாத அளவுக்குச் சாப்பிட்டார். துணிக்கொடி பால்கனிப் பக்கம் திரும்பவேயில்லை. எல்லோரையும் ஏமாற்றிவிட்ட நிம்மதியில் நானும் ஊர் திரும்பினேன். அந்த நிம்மதி பல வருஷம் நீடித்தது.

சித்திக்கு இப்போது தனிப் பட்டறை, நாலு ஆள். போன மாதம் போயிருந்தபோது புது சாண்டர் ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எஞ்சினியரிங் முடித்த மிதப்பில், "கழட்டிப் பார்க்கட்டுமா சித்தி?" என்று கையை நீட்டினேன்.

"பாரு. போகும்போது பாக்கெட்டைக் காட்டிட்டுப் போ."