கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட நர்ஸ்

பரீட்சையில் தோற்றவர்களைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் காரைத் திட்டுவார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். தன்னையே திட்டிக்கொள்கிற ஓர் ஆளை நான் பார்த்தது எங்கள் வீட்டில்தான். என் அண்ணி, நான் அவருக்கு நாத்தனார். அவர் தோற்றது கார் லைசென்ஸில் இல்லை, நர்ஸ் லைசென்ஸில். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நான்கு தடவை.

அண்ணியை ஏதோ அரைகுறை நர்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும். முன்பு இருந்த நாட்டில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர். விபத்தில் சிக்கியவர்களை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தால், டாக்டர் கையுறை மாட்டி முடிப்பதற்குள் அண்ணி ரத்தத்தை நிறுத்தியிருப்பாராம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்களோடு இந்த நாட்டுக்கு வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்தப் பட்டம் இங்கே செல்லாது, இங்குள்ள லைசென்ஸ் பரீட்சையில் தேறினால்தான் நர்ஸ். அதுவரை வயிறு சும்மா இருக்குமா? ஒரு வார்டில் உதவியாளராகச் சேர்ந்தார். நர்ஸ்களுக்கு நீலச் சட்டை, உதவியாளர்களுக்குச் சாம்பல் சட்டை. படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, பெட்பேன் கழுவுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் சாம்பல் சட்டையின் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரு பெரியவருக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கை பொம்மென்று வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, அண்ணி டிரிப்ஸை நிறுத்தினார். செய்தது சரிதான். ஆனால் செய்தது சாம்பல் சட்டை. இன்சார்ஜ் சிஸ்டர் வார்டே கேட்கும்படி திட்டித் தீர்த்தார். லைசென்ஸ் இல்லாத கை எதையும் தொடக் கூடாது, கூப்பிடு, விலகி நில், இன்னொரு தடவை தொட்டால் வேலை போவதோடு வரப்போகிற லைசென்ஸுக்கும் உலை வைத்துவிடுவேன் என்றாராம். அண்ணி வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை. மறுநாளிலிருந்து, நோயாளிக்கு ஏதாவது என்றால் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு "சிஸ்டர்!" என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார். வருஷங்கள் ஓடின. அந்த வார்டிலேயே வம்பு வழக்கு இல்லாத உதவியாளர் என்று அதே இன்சார்ஜ் சிஸ்டர் பாராட்டும் அளவுக்கு ஆகிவிட்டார்.

பரீட்சைக்கு வருவோம். அது கம்ப்யூட்டரில் எழுதுவது. நாம் சொல்லும் பதிலைப் பார்த்து அது அடுத்த கேள்வியைக் கொடுக்கும். இந்த ஆள் தேறுவாளா மாட்டாளா என்று அதற்கு முடிவாகத் தெரிந்ததும், பாதியிலேயே திரையை மூடிவிடும். மூடியது நல்லதற்கா கெட்டதற்கா என்று மனுஷருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் ரிசல்ட் வரும்வரை தவிக்க வேண்டியதுதான். கார் லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் அதிகாரிகளையே நான் கொடூரமானவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் எல்லாம் தங்கம்.

முதல் தடவை தோற்றபோது எல்லோரும், ஆனைக்கும் அடி சறுக்கும் என்றோம். இரண்டாம் தடவை அண்ணன், ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு எழுதினால் இப்படித்தான் என்றான். மூன்றாம் தடவை அம்மா, கண்ணாடியை மாற்றச் சொன்னார். அம்மாவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மருமகளுக்கு "படிப்பாளி" என்று பட்டப்பெயர் வைத்து, "எங்க படிப்பாளி அரைச்ச மாவையே அரைக்கிறா" என்று மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணி காதில் விழும் என்று தெரிந்தேதான் சொல்வார்.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. சமையலறையில் அண்ணி காய் நறுக்க, நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். எந்த மருந்து எதற்கு, எவ்வளவு, கொடுத்தால் எது ஏறும் எது இறங்கும், எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "நர்ஸ் முதலில் என்ன செய்வார்?" என்று வருகிற கேள்விகளில் மட்டும் விடை பிசகும். கேள்வி போடுகிற வாத்தியார்களின் புத்தி வேறு மாதிரி போலிருக்கிறது என்று நானும் புத்தகத்தைத் திட்டிவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுவேன்.

நான்காம் தடவை ரிசல்ட் வந்தபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார். பேயறைந்தது போல ஆனார். போனைக் கீழே வைத்துவிட்டு மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். அண்ணன் தோளைத் தொட்டான், தெரியவில்லை. நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை. அன்றைக்கு அம்மாகூட வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அதிலும் தோற்றால், நாற்பதைத் தாண்டிய மனுஷி சின்னப் பெண்களோடு உட்கார்ந்து கல்லூரியில் முதலிலிருந்து படிக்க வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் சாம்பல் சட்டை. அண்ணி இனி எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். எழுதித் தோற்பதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்றார். நான் சண்டை போட்டேன். அசையவில்லை.

இது நடந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். விடுமுறை நாள், மத்தியானம். அண்ணன் வெளியே போயிருந்தான். சாப்பாட்டு மேசையில் அம்மா ஆப்பிள் தின்றுகொண்டே மாடி வீட்டுச் சண்டை ஒன்றை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே அண்ணி. நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்துகிற ஆளே இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருமல் இல்லை, சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அண்ணி விருட்டென்று எழுந்தார். அப்பாடா, வீட்டிலேயே நர்ஸ் இருக்கிறார் என்று ஒரு நொடி உயிர் வந்தது எனக்கு. அண்ணி ஓரடி பின்வாங்கினார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, நல்ல தெளிவான குரலில், "சிஸ்டர்! சிஸ்டர், சீக்கிரம் வாங்க!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டு வாசலில் எந்த சிஸ்டர்? அண்ணி நின்றுகொண்டே இருந்தார். யாரோ வரப்போகிறார்கள் என்று வழிவிட்டு நிற்கிறவர் போல நின்றார். அம்மாவின் கண்கள் பிதுங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"அண்ணி! நீங்கதான் சிஸ்டர்!"

அந்தக் கத்தல் தெருமுனைவரை கேட்டிருக்கும். அண்ணி என்னைப் பார்த்தார். தூக்கத்தில் நடந்தவரை எழுப்பினால் பார்ப்பாரே, அப்படி. அடுத்த நொடி நாற்காலி ஒரு பக்கம் பறந்தது. அம்மாவைக் குனிய வைத்து முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினார். வரவில்லை. பின்னால் போய் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளே மேலே என்று இழுத்தார். மறுபடி. மறுபடி. ஆப்பிள் துண்டு மேசையில் வந்து விழுந்தது. அம்மா மூச்சு வாங்கிய சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டிவந்து படுக்கவைத்த பிறகு, அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்தார்.

"நான் யாரைக் கூப்பிட்டேன்?" என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"பரீட்சையிலயும் இதையேதான் செஞ்சிருக்கேன்" என்றார். "மூச்சுத் திணறுது, ரத்தம் வருது, முதல்ல என்ன செய்வன்னு கேப்பான். படுக்கையைத் தூக்கு, ஆக்சிஜன் வையின்னு மத்த விடையெல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். நான் டாக்டருக்குத் தெரிவிப்பேன்னு போட்டுட்டு வருவேன். நாலு தடவையும். தெரியாம இல்லடி. கை போகல."

அடி சறுக்கியது என்றோம், ராத்திரி டியூட்டி என்றோம், கண்ணாடி என்றோம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடைகளை டிக் அடித்தவள் நான், எனக்கே தெரியவில்லை. ஒரு நல்ல நர்ஸை நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி ஓர் ஆஸ்பத்திரி நம்பவைத்திருக்கிறது. கற்றுக்கொடுக்கிற காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; அந்தப் பழக்கத்தில் மற்றவர் காரில் ஏறினாலும் இல்லாத பிரேக்கை என் கால் மிதிக்கும். அந்தக் காலை வைத்துக்கொண்டே எனக்கு இது உறைக்கவில்லையே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அண்ணி வார்டில் சம்பளமில்லா விடுப்பு போட்டார். கடைசித் தடவை எழுதுவது என்று முடிவு செய்தார். இம்முறை புத்தகத்தைக் கொண்டு பயிற்சி இல்லை. நான் நோயாளியாகக் கட்டிலில் படுப்பேன், ஒரு நாள் வலிப்பு, ஒரு நாள் மாரடைப்பு, ஒரு நாள் பிரசவம். பிரசவத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டேன் என்று அண்ணன் சொன்னான். அண்ணியின் கை பின்னால் போகும்போதெல்லாம், காரில் தப்பான கியரைப் போட்டவர்களைத் திட்டுவது போலத் திட்டுவேன். திட்டுவதில் நமக்குக் குறை ஏது? கை மெல்ல மெல்ல முன்னால் வந்தது.

ஆனால் அண்ணியை அரித்தது வேறொன்று. அம்மா, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மருமகள் புராணம் பாட ஆரம்பித்திருந்தார். "மின்னல் மாதிரி பாஞ்சு வந்து என்னைத் தூக்கினா. அவ இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல" என்பார். படிப்பாளி என்கிற பட்டப்பெயர் போய், "எங்க நர்ஸம்மா" ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அண்ணியின் முகம் செத்துப்போகும். அந்தக் கேலியையே தாங்கிக்கொண்டேன், இந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது, மூச்சு நின்ற நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும், பரீட்சை முடியட்டும், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றேன்.

ஐந்தாம் தடவை, திரை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சீக்கிரம் மூடிக்கொண்டது. அண்ணி வெளியே வந்து காரில் ஏறினார். நான் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டேன். அதைக்கூட அண்ணன் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது அண்ணி படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினேன். தேர்ச்சி என்றுதான் போட்டிருந்தது. யாருக்கும் கத்தத் தோன்றவில்லை. நான்கு அடி வாங்கிய வீடு, ஐந்தாவதும் அடிதான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்ததால், என்ன செய்வதென்றே தெரியவில்லை. அண்ணன் தண்ணீர் குடித்தான். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். கட்டிக்கொள்ள வேண்டிய ஆள் பக்கத்தில் நிற்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

விஷயம் கேட்டு மாடி வீட்டு அம்மா வந்தார். எங்கள் அம்மா மறுபடியும் மின்னலில் தொடங்கி ஆப்பிள் துண்டுவரை சொல்லி முடித்தார். வந்தவர் போய்க் கதவு சாத்தியதும் அண்ணி அம்மா முன்னால் போய் நின்றார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன், பார்க்கவில்லை.

"அத்தை, நான் மின்னல் மாதிரி எல்லாம் வரல. உங்களுக்கு மூச்சு அடைச்சப்போ நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். வேற யாரோ வருவாங்கன்னு நின்னேன். இவ கத்தின பிறகுதான் உங்களைத் தொட்டேன்."

அம்மா அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்" என்றார். "மூச்சுதானே அடைச்சுது, கண்ணு அடைக்கலையே. எனக்கு எதிர்லதான் நின்ன."

பிறகு ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"நாலு தடவை தோத்து உடைஞ்சு போய்க் கிடந்தவகிட்ட, நீ என்னைச் சாகவிட்டு வேடிக்கை பாத்தியேன்னு நானும் கேட்டிருந்தா, அஞ்சாவது தடவை எழுதப் போயிருப்பாளா?" என்று அம்மா என்னிடம் எரிந்து விழுந்தார். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "இப்போதான் பாஸ் பண்ணிட்டியே. இப்போ கேக்கலாம்ல? ஏம்மா அப்படி நின்ன? நான் செத்துட்டேன்னே நினைச்சேன்."

கடைசி வார்த்தையில் அம்மாவின் குரல் உடைந்தது. இத்தனை நாளும் அந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் மருமகள் புகழ் பாடியிருக்கிறார். அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகை அடங்கவே நேரமானது. பிறகு, டிரிப்ஸை நிறுத்தியதற்குத் திட்டு வாங்கிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.